உஷார்! கங்கைக் கரையில் சமதளம் பார்த்துத் தங்காதீர்கள்

ஆடி, ஆவணியில் பத்ரிநாத், கேதார்நாத், கங்கோத்ரி போகலாம் என்று யாராவது கூப்பிட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். "கூட்டம் இருக்காது, ரூம் வாடகை பாதிதான், தரிசனம் சீக்கிரம் முடிந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அதில் பொய் எதுவும் இல்லை. கூட்டம் ஏன் இருக்காது என்பதை மட்டும் போட மாட்டார்கள்.

நம் ஊர் மழைக் கணக்கு வேறு. நமக்கு அடைமழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஆடியில் காற்றடிக்கும், காவிரியில் புதுத் தண்ணீர் வரும், பதினெட்டாம் பெருக்குக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போவோம். ஆனால் இந்தத் தலங்கள் இருக்கும் உத்தராகண்டில் தென்மேற்குப் பருவமழை ஜூன் கடைசி வாரத்தில் இறங்கி செப்டம்பர் கடைசி வரை நிற்கிறது. ஜூலையும் ஆகஸ்டும்தான் அதன் உச்சம். நாம் ஆசையாக ஆற்றைத் தேடிப் போகிற அதே மாதத்தில், அங்கே உள்ளவர்கள் ராத்திரி மழைச் சத்தம் கூடினால் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

காவிரி வெள்ளம் சொல்லிவிட்டு வரும். மேட்டூரில் மதகைத் திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் கரையோர கிராமங்களுக்கு அறிவிப்புப் போய்விடும், தொலைக்காட்சியில் கன அடிக் கணக்கு ஓடும். மலைக் கங்கையில் அந்த அவகாசம் கிடையாது. பாகீரதி புறப்படும் கோமுகம் சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாகீரதி அலக்நந்தாவோடு சேர்ந்து கங்கை என்று பெயர் பெறும் தேவப்பிரயாகை 500 மீட்டருக்கும் கீழே. இடையில் உள்ள தூரம் சுமார் 200 கிலோமீட்டர்தான். அதற்குள் மூவாயிரத்து ஐந்நூறு மீட்டர் இறங்கியாக வேண்டும். தேவப்பிரயாகைக்குப் பிறகு வங்கக்கடல் வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கங்கைக்கு மிச்சம் இருக்கும் இறக்கம் ஐந்நூறு மீட்டர்கூட இல்லை. காசியில் நாம் பார்க்கிற அகலமான, நிதானமான கங்கையை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகிறவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள்.

தாராலியில் நடந்ததைப் பாருங்கள். கங்கோத்ரிக்கு சுமார் 20 கிலோமீட்டர் முன்னால், ஹர்சிலை அடுத்து, பாகீரதிக் கரையில் இருந்த சின்ன ஊர் அது. ஆப்பிள் தோட்டம், ராஜ்மா வயல், சாலையோரம் வரிசையாக மூன்று மாடி, நான்கு மாடி ஹோட்டல்கள். கங்கோத்ரி போகிற யாத்ரீகர்கள் ராத்திரி தங்கும் இடம். 2025 ஆகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றரை மணி தாண்டி, ஊருக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கும் கீர்காட் என்ற ஓடை வழியாகச் சேறும் பாறையும் மரமுமாக ஒரு பெருக்கு வந்தது. ஹோட்டல்கள் நின்ற இடத்தில் சில நொடிகளில் சாம்பல் நிறச் சேறு மட்டும் இருந்தது. நாடே பார்த்த அந்த வீடியோவை எடுத்தவர்கள் ஆற்றுக்கு எதிர்க்கரையில், மேட்டில் உள்ள முக்பா கிராமத்துக்காரர்கள். வீடியோவில் விசில் சத்தமும் கூச்சலும் கேட்கும். கீழே இருந்தவர்களை ஓடச் சொல்லி விசிலடித்தார்கள், கத்தினார்கள். கீழே சிலர் ஓடுவதும் தெரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சேறு அவர்களை மூடுவதும் தெரிகிறது.

அன்றைக்குப் பக்கத்து ஹர்சிலில் பதிவான மழை மேகவெடிப்பு என்று சொல்லும் அளவுக்கு இல்லை. இந்திய வானிலைத் துறையின் கணக்கில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் கொட்டினால்தான் மேகவெடிப்பு. ஹோட்டல் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "தூறல்தானே" என்று யாரும் தைரியம் கொள்ள முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. ஆபத்து நமக்கு மேலே, நம் கண்ணுக்கே தெரியாத உயரத்தில், பனிப்பாறை விட்டுப்போன கற்குவியலுக்கு நடுவில் சேர்ந்துகொண்டிருக்கும்.

தாராலியைப் பற்றி இன்னொரு சேதி. அங்கே கல்ப கேதார் என்று ஒரு பழைய சிவன் கோயில் இருந்தது. பல காலம் கோபுரத்தின் நுனி மட்டும்தான் மண்ணுக்கு மேல் தெரிந்ததாம். 1945-இல் தோண்டிப் பார்த்தபோதுதான் அடியில் முழுக்கோயில் இருப்பது தெரிந்தது. பக்தர்கள் படியிறங்கிப் போய்த்தான் சுவாமியைக் கும்பிட்டார்கள். கோயில் எப்படி மண்ணுக்குள் போனது? முன்னொரு காலத்தில் மேலிருந்து வந்த மண்தான் மூடியிருக்கிறது. ஒரு முழுக்கோயிலையே விழுங்கிய மண்ணின் மேல்தான் இந்த ஹோட்டல்கள் அத்தனையும் கட்டப்பட்டன. 2025-இல் அந்தக் கோயில் மறுபடியும் மண்ணுக்குள் போய்விட்டது.

இதைத்தான் நான் ஒவ்வொரு யாத்ரீகர் காதிலும் போட்டுவைக்க விரும்புகிறேன். செங்குத்தான மலைகளுக்கு நடுவில், ஆற்றங்கரையில், திடீரென்று கொஞ்சம் சமதளம் கிடைக்கிறது என்றால் அது அங்கே எப்படி வந்தது என்று கேளுங்கள். பக்கத்து மலையிலிருந்து இறங்கும் ஓடை முன்பு எப்போதோ கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும்தான் அது. கொட்டிய ஓடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. மறுபடியும் கொட்டும்.

அந்த இடத்தை அடையாளம் காண நிலவியல் படித்திருக்க வேண்டாம். எதிர்க்கரையில் நின்று பாருங்கள். மலைச்சரிவில் ஒரு குறுகலான பிளவு தெரியும். அதன் வாயிலிருந்து விசிறியை விரித்த மாதிரி நிலம் ஆற்றை நோக்கிச் சரிந்து பரவியிருக்கும். வயலுக்கு நடுவிலும் தோட்டத்துக்கு நடுவிலும் அறை அளவு, லாரி அளவு பாறைகள் தனித்தனியாகக் கிடக்கும். அந்தப் பாறையை யாரும் அங்கே தூக்கிக்கொண்டு வந்து வைக்கவில்லை. உள்ளூர்க்காரர்களின் பழைய வீடுகள் எங்கே இருக்கின்றன என்றும் கவனியுங்கள். கல்லும் தேவதாரு மரமும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் பெரும்பாலும் மேட்டில், ஓடையை விட்டு விலகி இருக்கும். முக்பா அப்படி மேட்டில் இருப்பதால்தான் அவர்களால் விசிலடிக்க முடிந்தது. கண்ணாடி வைத்த புது ஹோட்டல்கள், "ரிவர் வியூ" போர்டு மாட்டிய கட்டடங்கள் எல்லாம் கீழே ஆற்றை ஒட்டி இருக்கும். சாலை கீழே போகிறது, பஸ் கீழே நிற்கிறது, ஆகவே வியாபாரமும் கீழே இறங்கிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரிய வேண்டும் என்று கேட்டு, அதற்குக் கூடுதலாகப் பணமும் கட்டுகிறோமே, அதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

தமிழர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. நம் ஆழ்வார்களும் நாயன்மார்களும் பாடிய வடநாட்டுத் தலங்களில் முக்கியமானவை கங்கையாகச் சேரும் இந்த மலை ஆறுகளின் கரையிலேயே அமைந்துவிட்டன. தேவப்பிரயாகைதான் கண்டமென்னும் கடிநகர். ஜோஷிமட் என்பது திருப்பிரிதி. அதற்கு மேலே வதரியாசிரமம் என்ற பத்ரிநாத். மந்தாகினி ஆற்றுப் பக்கம் திரும்பினால் அனேகதங்காவதம் எனப்படும் கௌரிகுண்ட், அதற்கு மேலே திருக்கேதாரம். திவ்ய தேச யாத்திரை என்றும் பாடல் பெற்ற தலம் என்றும் அறுபது, எழுபது வயதுப் பெரியவர்களைக் குழுவாகக் கூட்டிக்கொண்டு போவது இந்தப் பாதையில்தான். முழங்கால் வலியோடு படியேறும் அவர்களால், "ஓடுங்கள்" என்று யாராவது கத்தினால் எத்தனை அடி ஓட முடியும்?

இந்தத் தலங்கள் பலவற்றின் பக்கத்திலும் அண்மைக் காலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். கேதார்நாத்தில் 2013 ஜூன் 16, 17 தேதிகளில் மேலே இருந்த சோராபாரி ஏரி உடைத்துக்கொண்டு இறங்கியது. அந்த வெள்ளத்தில் மாநிலம் முழுவதும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 5,000 பேருக்கு மேல். பாதயாத்திரை வழியில் எல்லோரும் இளைப்பாறும் ராம்பாரா என்ற ஊரே இல்லாமல் போனது. அது ஜூன் பாதி, நம் பள்ளி விடுமுறை ஒட்டிய யாத்திரைக் காலம். அந்த வருடம் பருவமழை முன்கூட்டியே வந்துவிட்டது. கௌரிகுண்டில் 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு ராத்திரி, சாலையோரக் கடைகள் நிலச்சரிவில் மந்தாகினிக்குள் விழுந்தன. கடைக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து போனார்கள். ஜோஷிமட் நகரமே பழைய நிலச்சரிவு ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று 1976-லேயே மிஸ்ரா குழு எழுதிக்கொடுத்தது. பாறைகளைத் தோண்டாதீர்கள், கனமான கட்டடம் கட்டாதீர்கள் என்றது. யாரும் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் விட்டு, ஜனங்கள் கடும் குளிரில் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். அதே பள்ளத்தாக்கில் 2021 பிப்ரவரி 7 அன்று ரோன்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து, ரிஷிகங்கா வழியாகத் தபோவன் வரை அடித்துக்கொண்டு போனது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அன்றைக்கு நல்ல வெயில், ஒரு சொட்டு மழை இல்லை.

அப்படியானால் மனிதனால் எதுவுமே செய்ய முடியாதா என்றால், முடியும். 1893 செப்டம்பரில் அலக்நந்தாவின் கிளையான பிரஹி கங்கையில் மலை சரிந்து ஆற்றை அடைத்து, கோஹ்னா என்ற இடத்தில் பெரிய ஏரி உண்டானது. அது ஒருநாள் உடையும் என்று அன்றைய பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். பள்ளத்தாக்கு நெடுகத் தந்திக் கம்பி இழுத்தார்கள். எந்த உயரத்துக்கு மேல் ஏறினால் பிழைக்கலாம் என்று கரையோரம் அடையாளத் தூண்கள் நட்டார்கள். ஜனங்களை முன்கூட்டியே மேலே ஏற்றினார்கள். 1894 ஆகஸ்டில் ஏரி உடைந்தபோது கர்வால் ஸ்ரீநகர் என்ற ஊரே துடைத்துப்போட்டது போலானது. இறந்தவர்கள் ஐந்து பேர். ஒரு ஃபக்கீரும் அவர் குடும்பமும். அப்புறப்படுத்திய பிறகும் திரும்பிப் போனவர்கள். செல்போனும் செயற்கைக்கோளும் இல்லாத காலத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 2025-இல் தாராலிக்கு அந்த நேரத்தில் எச்சரிக்கை என்று வந்தது எதிர்க்கரை விசில் சத்தம் மட்டும்தான்.

பெரிய அளவில் அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்யும்வரை நாம் காத்திருக்க முடியாது. யாத்திரைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: ஒவ்வொரு ராத்திரியும் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் தங்குகிறோம்? ஆற்றிலிருந்து எவ்வளவு மேலே? பக்கத்தில் ஓடை இருக்கிறதா? அங்கே ஓடையை "காட்" என்பார்கள், "நாலா" என்பார்கள், "கதேரா" என்பார்கள். இந்த மூன்று வார்த்தைகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பதில் சொல்லாமல் "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார்" என்று மழுப்புகிறவரிடம் பணம் கட்டாதீர்கள். தேதியை மாற்ற முடியுமானால் சித்திரைக் கடைசி, வைகாசிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் புரட்டாசி பின்பாதிக்குத் தள்ளுங்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 2021 அக்டோபரில் ஐப்பசி பிறந்த நேரத்தில்கூட உத்தராகண்டில் கொட்டித் தீர்த்தது. 2024 செப்டம்பரில் ஆதிகைலாசம் போன சிதம்பரம் பகுதிக்காரர்கள் 30 பேர் நிலச்சரிவில் பாதை அடைபட்டு நடுவில் மாட்டிக்கொண்டு, ஹெலிகாப்டரில்தான் மீண்டு வந்தார்கள். மாத்திரை கையிருப்பு இல்லாத சர்க்கரை நோயாளிக்கு அந்த மாதிரி நேரத்தில் என்ன ஆகும்? ஆகவே ஒரு வாரத்துக்கான மாத்திரையை, பயணக் கணக்குக்கு மேல், பஸ்ஸில் போடும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்ரிநாத், கேதார்நாத், கங்கோத்ரி அடங்கிய சார்தாம் யாத்திரைக்குப் பதிவு கட்டாயம். சில ஏற்பாட்டாளர்கள் ஒருவர் எண்ணைக் கொடுத்துக் குழுவையே சமாளித்துவிடப் பார்ப்பார்கள். விடாதீர்கள். மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மீட்புப் படைக்குத் தெரிவது அந்தப் பதிவை வைத்துத்தான். உங்கள் பெயரும் ஊரும் வீட்டு எண்ணும் அதில் சரியாக இருக்கட்டும்.

அடுத்தது நீராடல். தேவப்பிரயாகை சங்கமத்தில் படிகள் இறங்கி இறங்கிக் கடைசியில் ஒரு சிறிய மேடையில் முடியும். இரண்டு பக்கமும் இரண்டு ஆறு. பிடித்துக்கொள்ளச் சங்கிலி இருக்கும். மழைக்காலத்தில் அலக்நந்தா காப்பி நிறத்தில் வரும். பாகீரதி பச்சையாகத் தெளிந்திருக்கும், ஏனென்றால் அதன் வண்டலை மேலே 260 மீட்டர் உயரத் தெஹ்ரி அணை பிடித்து வைத்துக்கொள்கிறது. தெளிவாக இருக்கிறதே என்று பாகீரதிப் பக்கம் இறங்கத்தான் கால் போகும். அந்தத் தண்ணீரின் மட்டம் மேலே உள்ள அணைகளின் கையில் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. சைரன் கேட்டால் மந்திரம் பாதியில் இருந்தாலும் மேலே ஏறிவிடுங்கள். இந்தியில் எழுதிய எச்சரிக்கைப் பலகை புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 2014 ஜூனில் இமாசலத்தின் பியாஸ் ஆற்றில், பாறைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, அணையிலிருந்து திறந்த தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. ரிஷிகேஷில் ஆற்று நடுவே தெரியும் வழவழப்பான பாறைகளும் அதே மாதிரிதான். மழைக்காலத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாலே ஸ்நானம் ஆயிற்று. எந்த சாஸ்திரிகளும் மறுக்க மாட்டார்.

காசியில் கதை வேறு. அங்கே வெள்ளம் மெல்ல ஏறும், அபாய அளவு 71.26 மீட்டர் என்று தினமும் செய்தியில் வரும். படித்துறைகள் முழுகிவிடும், படகு நிறுத்திவிடுவார்கள். ஆடி அமாவாசைக்கும் மகாளயத்துக்கும் பித்ரு காரியம் செய்யப் போகிறவர்கள் வெள்ளம் வடிந்த பிறகுதான் கவனமாக இருக்க வேண்டும். படியில் படிந்த வண்டல் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் வழுக்கும்.

மலைமேல் இருக்கும்போது மூன்று விஷயங்களைக் காதாலும் கண்ணாலும் பிடித்துவிடுங்கள். ஓடையின் தண்ணீர் திடீரென்று குறைந்தால் நிம்மதி அடையாதீர்கள். மேலே எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கிறது, உடைத்தால் எல்லாம் ஒன்றாக வரும். தண்ணீர் சட்டென்று சேறாகி, வேரோடு பெயர்ந்த மரங்கள் மிதந்துவந்தால் ஒரு நொடியும் நிற்காதீர்கள். இடி மாதிரி, ஆனால் விடாமல், தரையில் அதிர்வோடு சத்தம் கேட்டால் அது பாறைகள் உருளும் சத்தம். ஓடும்போது சாலையோடு கீழ்நோக்கி ஓடக் கூடாது. ஓடைக்குக் குறுக்காக விலகி, பக்கவாட்டில் மேடேற வேண்டும். பெட்டி, செருப்பு, பஸ் எல்லாம் கிடக்கட்டும். குழுவில் நடக்க முடியாதவர் இருந்தால் அவரைத் தூக்க யார் யார் என்பதை முதல் நாள் சாப்பாட்டு மேஜையிலேயே பேசி வைத்துவிடுங்கள். அவருக்கு மேட்டுப் பக்கத்து அறையைக் கேட்டு வாங்குங்கள்.

வானிலைத் துறை ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுத்த மாவட்டத்துக்குள் அன்றைக்குப் போகவே வேண்டாம், அறைக்குக் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை. உத்தரகாசி, ருத்ரப்பிரயாகை, சமோலி, இந்த மூன்று மாவட்டப் பெயர்களையும் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் அங்கிருந்தே தினம் காலையில் பார்த்துச் சொல்லட்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் செயலியைப் புறப்படும் முன்பே போனில் இறக்கி வையுங்கள், மேலே போனபின் சிக்னல் கிடைக்காது. அவசரத்துக்கு 112. உத்தராகண்டுக்குள் இருந்து மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. ஊரில் இருக்கும் உறவினர்கள் அதே 1070-ஐத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்தால் சென்னைக் கட்டுப்பாட்டு அறை எடுக்கும். போனவர்களின் பெயர், தங்கிய ஊர், ஏற்பாட்டாளர் எண், யாத்திரைப் பதிவு எண் நான்கையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவைத்துவிட்டு ரயிலேறுங்கள்.